கையெழுத்துக்கு மேலே இருந்த இடம்

உண்ணாமலையைத் தலைவியாக்கியது நான்தான். வாயே திறக்கமாட்டாள் என்று நம்பித்தான் ஆக்கினேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, என் பங்கை மறைத்துத் தொடங்கினால் நன்றாக இருக்காது.

என் பெயர் சுமலதா. முப்பத்து மூன்று வருஷம் வாத்தியார் வேலை. அதில் கடைசிப் பதினொரு வருஷம் செஞ்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியை. இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சிங்கவரம் பக்கம் போகிற வழியில் பிரிந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே போனால் வரும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பொறுமையாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு வேலையை வாங்குவதைவிட, நானே செய்துவிட்டுப் போய்விடுவேன். சாவி என் பையில். முட்டை எத்தனை வந்தது, எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு செருப்பு, செல்போனில் தினமும் ஏற்றவேண்டிய வருகைப்பதிவு, எல்லாம் என் தலையில். உதவி ஆசிரியர் அரிகிருஷ்ணன் நல்ல பையன். "டீச்சர், நா ஏதாச்சும் பாக்கட்டுமா?" என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்பார். "உங்க வகுப்பப் பாருங்க சார், அது போதும்" என்பேன். அதைத்தான் நான் நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று வந்து சேர்ந்தது. பெற்றோர்கள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு தாயைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட வேண்டும். பள்ளிக்கு எது வேண்டும், எது கூடாது என்று தீர்மான நோட்டில் எழுதி, தலைவியும் தலைமை ஆசிரியையும் கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் சேர்ந்து பள்ளியை நடத்த வேண்டும் என்பது அதன் கருத்து. எனக்கு இன்னொரு வேலை கூடியதாகத்தான் தோன்றியது.

தேர்தல் அன்று முப்பது பேர் வந்திருந்தார்கள். யார் நிற்கிறீர்கள் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விருத்தாம்பாள் மட்டும் கையைத் தூக்கப் பார்த்தாள். விஷ்ணுவின் அம்மா. அவள் பேச்சுக்கு முன்னால் என்னுடையது எம்மாத்திரம்! இவள் தலைவியானால் நான் ஊரைவிட்டே ஓடவேண்டியதுதான் என்று பயந்து, கடைசி வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன்.

"உண்ணாமல இருக்கட்டுமே. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கா."

"எனக்கு இன்னா தெரியும் டீச்சர்? நா கொல்லைக்குப் போறவ" என்றாள்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். காட்டற எடத்துல கையெழுத்துப் போட்டா போதும்" என்றேன். முப்பது பேர் முன்னால் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

உண்ணாமலை பிறந்தது தொண்டூர். பத்தாவதில் கணக்கில் தவறிவிட்டாள். மறுபடி எழுதுவதற்குள் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். கணவன் பெரியதம்பி சென்னையில் கட்டட வேலை செய்கிற மேஸ்திரி. கல்யாணமான கையோடு அவளும் அங்கே போய் ஆறு வருஷம் சித்தாளாக இருந்தாள். பிரீத்தி பிறந்த பிறகு, குழந்தையைச் சிமெண்ட் மூட்டைக்கு நடுவே வளர்க்க முடியாது என்று அவள் மட்டும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். பெரியதம்பி பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவான். இரண்டு மாடு, அரை ஏக்கர் கொல்லை. மிச்ச நாளில் வல்லம் பக்கம் மல்லாட்டை பிடுங்க, களை எடுக்கப் போவாள். ஒல்லி. நடை மட்டும் வேகம். பேசினால் இரண்டு வார்த்தை, அதுவும் நாம் கேட்டால்தான்.

முதல் கூட்டத்துக்கு வந்தாள். இரண்டாவது கூட்டத்துக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். மூன்றாவது மாதம் அறுவடை. அவள் வல்லத்தில் ஒரு கொல்லையில் நின்றிருந்தாள். நான் என் ஸ்கூட்டரை வரப்போரம் நிறுத்திவிட்டு நோட்டை நீட்டினேன்.

"இந்தா, மூணு பக்கத்துல போட்டுடு. அடுத்த மூணு மாசத்துக்கு உனக்கு அலைச்சல் இருக்காது."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "மேல ஒண்ணும் எழுதலியே டீச்சர்?"

"நா எழுதிக்கறேன். என்ன, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, அப்படிச் சொல்லுவனா!" என்று பதறிப்போய், மூன்று வெற்றுப் பக்கங்களின் அடியிலும் கையெழுத்துப் போட்டாள். அழகாகப் போடுவாள். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, கோணாமல். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். பக்கத்து ஊர்களில் என்னைப் போன்ற தலைமை ஆசிரியைகள் எத்தனையோ பேர் இப்படித்தான் செய்தார்கள். எங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வோம். தப்பு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது வழக்கமாகிவிட்டது.

ஆனால் கூட்டத்துக்கு வராதவள் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். எனக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது.

முதலில் பள்ளித் தண்ணீர் மோட்டார். பதினெட்டு நாளாக ஓடாமல் கிடந்தது. நான் மனுமேல் மனு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை பெரியதம்பி ஊருக்கு வந்தபோது, அவனையும் செஞ்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கையும் கூட்டிவந்து கழற்றிப் பூட்டி ஓடவைத்துவிட்டாள். திங்கள்கிழமை குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குச் சுருக்கென்றது. "யாரக் கேட்டு மோட்டார்ல கை வெச்ச?" என்று கேட்டேன். "புள்ளிங்க கக்கூசு போயிட்டு கொல்லையில கெடக்கற தண்ணியில கழுவறாங்க டீச்சர். யாரக் கேக்கறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

அடுத்து, வராத பிள்ளைகள். அறுவடைக் காலத்தில் பத்துப் பிள்ளைகள் நின்றுவிடும். தாயும் தகப்பனும் விடியலில் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளை எழுப்பி அனுப்ப ஆள் இருக்காது. உண்ணாமலை தெருவுக்கு ஒரு தாய் என்று முறை வைத்தாள். இன்றைக்கு வேலைக்குப் போகாதவள் யாரோ, அவள் அந்தத் தெருப் பிள்ளைகளை எழுப்பி, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பள்ளியில் கொண்டுவந்து விட வேண்டும். அந்த முறையை அவள் எந்தத் தாளிலும் எழுதவில்லை. விருத்தாம்பாளையே தன் தெருவுக்குப் பொறுப்பாக்கிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! மார்கழியில் என் வருகைப்பதிவில் இரண்டு பேர்தான் விடுப்பு. பதினொரு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பாரம் குறைந்தது. அதே நேரம் எரிச்சலாகவும் இருந்தது. பெற்றோர்கள் என்னிடம் கேட்க வேண்டியதை அவளிடம் கேட்டார்கள். அரிகிருஷ்ணன்கூட ஒருநாள், "உண்ணாமலக்கா கிட்ட கேட்டுட்டேன் டீச்சர்" என்றார். "இந்த ஸ்கூலுக்கு ஹெச்.எம். யாரு சார்?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் முகம் சுருங்கிப்போனது.

இனி அந்த அறைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் இரண்டு அறைகள் என்றேன். சின்னது புதியது. பெரியது பழையது, தளம் போட்டு முப்பது வருஷம் இருக்கும். பெரியதில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள், இருபத்து நான்கு பிள்ளைகள். பிரீத்தி இரண்டாம் வகுப்பு. அதனால் அதில்தான் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த உண்ணாமலை, அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெளியே போய் ஒரு மூங்கில் கொம்பை எடுத்துவந்து தளத்தை அங்கங்கே தட்டினாள். ஓரத்தில் டங் டங்கென்று கேட்டது. நடுவில், பிள்ளைகள் உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே, பொத்தென்று ஒரு சத்தம். உள்ளே ஒன்றுமில்லாத சத்தம்.

"கேட்டீங்களா டீச்சர்? உள்ள கம்பி துருப்புடிச்சி உப்பிக்கிச்சி. சிமெண்டு கம்பிய விட்டுட்டு சும்மா ஒட்டிக்கினு நிக்கிது. நா ஆறு வருசம் இதே வேலயத்தான் பாத்தன். இந்த ரூம்புல புள்ளிங்கள உக்கார வெக்காதீங்க."

"எங்க உக்கார வெக்கறது? உன் வீட்டுலயா?"

"அந்த ரூம்புலயே எல்லாரையும் வெச்சிக்கலாம். பத்தலன்னா கோயில் மண்டபத்துல கேக்கறன்."

முடியாது என்றேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அறை கெட்டுப்போனது என்று எழுதினால் அன்றைக்கே பூட்டச் சொல்வார்கள். புது அறை வர இரண்டு வருஷமாகும். நாற்பத்து மூன்று பிள்ளைகளையும் ஒரே அறையில் அடைத்தால், செஞ்சியிலிருந்து மஞ்சள் வேன் அனுப்புகிற இங்கிலீஷ் பள்ளிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குப் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் அரிகிருஷ்ணனைத் தூக்கி வேறு ஊரில் போடுவார்கள். அப்புறம் பள்ளியையே மூடுவார்கள். என் கண் முன்னாலேயே இரண்டு பள்ளிகள் அப்படிப் போயின. இந்தப் பள்ளி என் காலத்தில் மூடப்படக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அந்தப் பயம் பொய்யில்லை. இப்போதும் அது பொய்யில்லை.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி இரண்டாவது முறை சொன்னாள். "கோட விடுமுறையில பாக்கலாம்" என்றேன். அப்போது ஆடி மாதம்.

மூன்றாவது முறை வீட்டிலிருந்து நேராக என் மேஜைக்கு வந்தாள். "நா சொன்னத அந்த நோட்டுல எழுதுங்க டீச்சர். குழுவுல பேசட்டும்." அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "அடுத்த மாசக் கூட்டத்துல எழுதறேன், போ" என்றேன். போய்விட்டாள். அடுத்த மாதம் அவள் அறுவடையில் இருந்தாள். நான் எழுதவில்லை.

எழுதாவிட்டால் என்ன, அவள் சும்மா இருக்கவில்லை. தினம் காலை ஏழரைக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வந்து, சமையல்கார அம்மாவிடம் இருந்த மாற்றுச் சாவியால் அறையைத் திறந்து, கொம்பால் தளத்தைத் தட்டி, உதிரத் தயாராக நிற்கிற பூச்சையெல்லாம் உதிர்த்துப் பெருக்கிவிட்டுப் போவாள். பிள்ளைகளின் பாய்களைச் சுவரோரம் நகர்த்திப் போடுவாள். நான் வரும்போது அறை சுத்தமாக இருக்கும். கண்டும் காணாமல் இருந்தேன். பிரீத்தியையாவது வேறு பள்ளியில் சேர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அரிகிருஷ்ணன் கேட்டாராம். "தலைவின்னு எம்பேர சொல்லிக்கினு, எம் பொண்ண மட்டும் இட்டுக்கினு போயிட்டா மத்த புள்ளிங்க இன்னா ஆவும் சார்?" என்றாளாம்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை எல்லாப் பள்ளிகளுக்கும் செல்போனில் செய்தி வந்தது. மழைக்காலம் என்பதால் கட்டடங்களின் நிலை பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை நாளை மாலைக்குள் படம் எடுத்து ஏற்ற வேண்டும். உண்ணாமலை வல்லத்தில் இருந்தாள். நோட்டில் அவள் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பக்கம் ஒன்று பாக்கி இருந்தது. அதன் மேலே எழுதினேன்: 'பள்ளியின் அனைத்துக் கட்டடங்களையும் குழுவினர் நேரில் பார்வையிட்டோம். அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன. மாணவர்களுக்குப் பாதுகாப்பானவை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.' கீழே என் கையெழுத்தையும் போட்டேன். படம் எடுத்தேன், ஏற்றினேன், டீ குடித்தேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை. நான்காம் நாள் வெயில் அடித்தது. காலை எட்டு மணிக்கு நான் செஞ்சி கூட்டுரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திப் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அரிகிருஷ்ணன் போன் செய்தார். அவரால் பேச முடியவில்லை. "டீச்சர், தளம், உண்ணாமலக்கா" என்று மட்டும் சொன்னார்.

நனைந்து ஊறிய தளம் அவள் தட்டியதும் மொத்தமாகப் பெயர்ந்து அவள் மேலேயே விழுந்திருக்கிறது. தலையில் பிளவு. வலது தோளும் கையும் நொறுங்கிவிட்டன. சமையலறையில் காலைச் சாப்பாடு செய்துகொண்டிருந்த சமையல்கார அம்மா ஓடிவந்து கத்தியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டது. பாய்களின் மேல் கான்கிரீட் பாளங்கள் கிடந்தன, கம்பிகள் மேலேயிருந்து தொங்கின. இன்னும் நாற்பது நிமிஷம் கழித்து விழுந்திருந்தால் அங்கே இருபத்து நான்கு பிள்ளைகள்.

முதலில் பிள்ளைகளை எண்ணினேன். எல்லோரும் வெளியே இருந்தார்கள். அடுத்து எனக்கு நினைவு வந்தது தீர்மான நோட்டு. அதற்கப்புறம்தான் உண்ணாமலை. மனதில் வந்த வரிசை இதுதான். மாற்றிச் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனாலும் இதுதான் நடந்தது.

அன்று மத்தியானமே கல்வித்துறை அதிகாரி வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. விருத்தாம்பாள் தெருக்குழாயில் நின்று சொன்னதை நானே கேட்டேன்.

"நல்லா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? அவதான? எம்புள்ள விஷ்ணு தெனம் அதுக்குக் கீழதான் உக்காந்துக்கினு இருந்தான். ஊட்டுக்கு ஊடு வந்து புள்ளிங்கள எழுப்பி இட்டுக்கினு போனாளே, இதுக்குத்தானா?"

ஒரு பெண்ணாவது, அப்படி இருக்காது என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. இரவும் பகலும் அந்தப் பக்கம் என் கண்ணில் நின்றது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற எனக்கு ஆறு மாதம் இருந்தது.

பத்தாம் நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவளிடம் வாக்குமூலம் வாங்க அதிகாரி வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். தலையில் கட்டு, கையில் மாவுக்கட்டு. பெரியதம்பி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அதிகாரி தீர்மானத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துக்காட்டினார். அவள் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண்கள் அகலமானதைப் பார்த்தேன்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"கையெழுத்து எந்துதான் சார். மேல இருக்கற எழுத்து எந்து இல்ல."

"அப்ப யாருது?"

"தோ, டீச்சர் நிக்கறாங்களே. அவங்களக் கேளுங்க."

என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. என் பங்கை என்னிடமே விட்டுவிட்டாள். "என் எழுத்துதான் சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் முந்தின நாளே போனில் சொல்லிவைத்திருந்தார்கள்: மறதி என்று சொல்லுங்கள், தண்டனை குறையும். "அவ ரூம்பப் பத்திச் சொன்னது உண்மைதான் சார். அவசரத்துல எனக்கு மறந்துபோச்சி" என்றேன். உண்ணாமலை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அரிகிருஷ்ணன் பொறுப்புத் தலைமை ஆசிரியரானார். பழைய அறையை இடித்தார்கள். பிள்ளைகள் சின்ன அறையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்தார்கள். ஏழு பிள்ளைகள் வேனில் ஏறிப் போனார்கள். முப்பத்தாறு பேர் இருந்தார்கள். பள்ளி மூடப்படவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது ஏழு பிள்ளைகளோடு நின்றுவிட்டது.

உண்ணாமலை மாசியில் வீடு திரும்பினாள். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. விரல்களில் பிடிமானம் இல்லை. மல்லாட்டை பிடுங்கவும் முடியாது, பால் கறக்கவும் முடியாது. ஆனால் அவளை முடக்கிப்போட்டது அது இல்லை என்று அரிகிருஷ்ணன் சொன்னார். காலையில் அவள் தெருவில் வந்தால் பெண்கள் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறார்களாம். நான் சொன்ன 'மறதி' ஊருக்கு வந்து வேறு கதையாகியிருந்தது. "டீச்சருக்கே மறந்துபோச்சின்னா இவ இன்னாத்த சொல்லியிருப்பா? வாய்க்குள்ளயே மொணகியிருப்பா. நெசமாவே சொல்லியிருந்தா மறக்குமா?" இதுதான் விருத்தாம்பாளின் பேச்சு. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் உண்ணாமலையைத் தலைவி பதவியிலிருந்து எடுக்கப்போகிறார்கள், பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

"அவ என்ன சொல்றா?"

"எடுத்தா எடுக்கட்டும், ஆனா பொய்க்காரின்னு எடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க டீச்சர். ராத்திரில தூங்கறதில்லயாம்."

புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கொட்டகையில் இடது கையால் சாணியை அள்ளிக்கொண்டிருந்தாள். பிரீத்தி என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். உட்கார் என்று உண்ணாமலை சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உன் கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்" என்றேன்.

அவள் கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நா எத்தினி தபா சொன்னன் டீச்சர், அந்த ரூம்பப் பத்தி?"

"மூணு தடவை."

"மறந்துபோனவங்களுக்கு மூணுன்னு எப்படித் தெரியும்?"

முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள் நான். இப்படி ஒரு கேள்வியில் மாட்டியதில்லை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அங்கே அழ எனக்கு உரிமை இல்லை.

"மறக்கல உண்ணாமல. எழுதும்போது ஞாபகம் இருந்துச்சி. தெரிஞ்சிதான் எழுதினேன்."

அவள் மெதுவாக, "எந் தப்பும் இருக்குது" என்றாள். "வெறுந்தாள்ல போட்டவ நானு. அத நா சொல்லிக்கறன். இப்ப சொன்னிங்களே, அத வெள்ளிக்கெழம வந்து எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தெரிந்தே எழுதினேன் என்று பலர் முன்னால் சொன்னால், மறதிக்குக் கிடைக்கவிருந்த சலுகை போய்விடும். ஓய்வு, ஓய்வூதியம் எல்லாம் எப்போது, எப்படி என்று தெரியாது. சங்கத்துக்காரர் போனில், "பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினார். வியாழக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை போனேன்.

கோயில் மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். உண்ணாமலை முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. முதலில் அவள் எழுந்து பேசினாள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது தன் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன் என்றாள். "டீச்சர நம்பினன்னு சொல்லலாம். ஆனா எங்கூலி போவக் கூடாதுன்னும் போட்டன்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்தேன். அவள் மூன்று முறை சொன்னதை, எங்கே எப்போது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூங்கிலால் தட்டிக் காட்டினாள், வாசலில் நிறுத்திச் சொன்னாள், நோட்டில் எழுதச் சொல்லி மேஜைக்கு வந்தாள். நான் மறக்கவில்லை என்றேன். அந்த அறை நல்லதில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தே நல்லது என்று எழுதினேன் என்றேன்.

விருத்தாம்பாள்தான் எழுந்தாள். அவள் குரல் இந்த முறை சன்னமாக இருந்தது.

"ஏன் டீச்சர் எழுதினீங்க? எம்புள்ளயும் அதுலதான இருந்தான்?"

"எண்ணிக்க கொறஞ்சிடும்னு பயந்தேன்" என்றேன். அந்த மண்டபத்தில் அதைச் சொல்லிக் கேட்டபோது எனக்கே அருவருப்பாக இருந்தது.

விருத்தாம்பாள் நடந்து வந்து உண்ணாமலைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் முன்னால் நகர்ந்தார்கள். தலைவியை எடுப்பது பற்றி அப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை.

"சார், டீச்சர் சொன்னத அப்படியே நோட்டுல எழுதுங்க. நா சொன்னதையும் எழுதுங்க" என்றாள் உண்ணாமலை. அரிகிருஷ்ணன் எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்தார். அவள் நோட்டை வாங்கி, இடது கை விரலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்தித் தானும் ஒருமுறை படித்தாள். பேனாவை இடது கையில் பிடித்தாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணலாக விழுந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசி எழுத்து வரை போட்டாள்.

நோட்டு வரிசையாகக் கைமாறியது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுப் போட்டார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டார்கள். வெகுநேரம் ஆனது. என்னிடம் வந்தபோது பழக்கத்தில் என் பையைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

"டீச்சர்" என்றாள் உண்ணாமலை. அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். "நீங்க இப்ப குழுவுல இல்லியே."

அவள் சொன்னது விதிப்படி சரி. நோட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.